முத்துமாலையின் வயிற்றுக்குள் ஒரு கம்பிக்குடை

ஐந்து மணிக்குக் கூட்டம் என்று அச்சடித்து, ஐந்து மணிக்கே தொடங்கிக் காட்டிய அருஞ்செயலுக்கு உரிமையாளரான அவைத்தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரியவர் தானியேல் அவர்களே! அம்மன் கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பங்களின் தலைவராய் இருந்து, ஊருக்கு ஒன்றென்றால் உண்ட கையோடு எழுந்து ஓடிவரும் அண்ணாச்சி அம்மையப்பன் அவர்களே! "அழைப்பிதழில் என் பெயர் வேண்டாம்" என்று அவர் சொல்லியும் நீங்கள் போட்டுவிட்ட காரணத்தால், பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தேறி வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஸ்வீட்லின் அவர்களே! வாழைக்கு நீர் பாய்ச்சிய கால்களைக் கழுவிக்கொண்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே! உலையை இறக்கிவைத்துவிட்டு, உள்ளத்தைப் பாதி வீட்டிலும் பாதி இங்கும் வைத்துக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! ஒலிபெருக்கிக் கம்பத்தில் சாய்ந்து நின்றால் நான் சொல்வது முதலில் தங்களுக்குத்தான் கேட்கும் என்று நம்பும் இளைஞர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த மேடையில் நான் புகழ்மாலை சூட்ட வரவில்லை. ஒரு சொல் கேட்க வந்திருக்கிறேன். அந்தச் சொல்லைத் தரவேண்டியவர் இதே மேடையில் எனக்கு வலப்புறம் அமர்ந்திருக்கிறார். வரும் செவ்வாய் உங்கள் அம்மன் கோயிலில் கால்நாட்டு, கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நடும் நாள். கால் நாட்டிவிட்டால் கொடை முடியும் வரை ஊரார் எவரும் எல்லை தாண்டி வெளியூரில் இரவு தங்கலாகாது. இது உங்கள் வழக்கம். அதற்கு அடுத்த வியாழன், அதோ அந்தப் புளியமரத்தருகே தன் மனைவியோடு அமர்ந்திருக்கும் பள்ளி ஆசிரியர் தம்பி சிவகணேஷ், பாளையங்கோட்டை மருத்துவமனையில் படுத்தாக வேண்டும். அங்கே ஓர் இரவு தங்கியாக வேண்டும். போகலாமா, கூடாதா? தம்பி என்னிடம் கேட்டார். நான் உங்களிடம் கேட்கிறேன்.

யாரோ பின்னாலிருந்து, "என்ன சீக்கு வே அவருக்கு?" என்கிறார். சொல்கிறேன் ஐயா. சொல்லத்தானே வந்திருக்கிறேன்! ஆனால் தம்பியின் கதையைச் சொல்வதற்குமுன் வேறொருவரின் கதையைச் சொல்லவேண்டும். அவரும் இங்கேதான் இருக்கிறார். முன்வரிசையில், சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல், கழுத்தோரத்துத் தழும்பைத் தடவிக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, வாழை விவசாயி முத்துமாலை, அவருடைய கதை.

சென்ற ஆண்டு ஆனி மாதம். நம் களக்காட்டு ஏத்தன் வாழைத் தார்களை ஏற்றிய லாரியோடு முத்துமாலை சென்னைக்குப் போனார். அப்போதுதான் திறந்திருந்த கோயம்பேட்டுப் புதிய அங்காடி. இறக்குகிற ஆட்களுக்குக் கைகொடுக்கிறேன் என்று லாரியின் மேல் ஏறினார். சறுக்கினார். தொடையெலும்பு முறிந்தது, தலையிலும் அடி. மருத்துவமனையில் கிடந்தபோது காலிலே ஒரு குருதிக்கட்டி உருவாகிவிட்டது.

தாய்மார்களே, பாலிலே மோர் விழுந்தால் உறைகிறதல்லவா? அதுபோல அசையாமல் கிடந்த காலின் குழாயிலே குருதி உறைந்துபோனது. உறைந்த கட்டி காலிலேயே கிடந்தால் வீக்கம், வலி, அவ்வளவுதான். அது பெயர்ந்தால்? மேலே ஏறினால்? காலிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து இதயம், இதயத்திலிருந்து நுரையீரல்! அங்கே போய் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை முடிக்கமாட்டார்.

கட்டியைக் கரையவிட, குருதியை இளக்கும் மருந்து உண்டு. அதைக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுக்க முடியாது. ஏன்? தலைக்குள் கசிவு. இளக்கும் மருந்து கொடுத்தால் தலைக்குள் பெருகும். கொடுக்காவிட்டால் காலில் இருப்பது நெஞ்சுக்கு ஏறும். இருபுறமும் எமன், இடையிலே முத்துமாலை!

அப்போதுதான் சென்னை மருத்துவர்கள் வடிகட்டி ஒன்றை வைத்தார்கள். வயிற்றுக்குள்ளே முதுகெலும்பை ஒட்டி ஒரு பெரிய சிரை மேலேறுகிறது. சிரை என்றால் குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அந்தப் பெருஞ்சிரைக்குள் ஒரு சின்னஞ்சிறு கம்பிக்குடையை விரித்து நிறுத்தினார்கள். துணியில்லாத குடை, வெறும் கம்பிகள். குருதி போகும், கட்டி போகாது. நம் கால்வாய் மடைமுகத்தில் கம்பித்தட்டி வைக்கிறோமே, எதற்கு? வெள்ளத்தில் வரும் கட்டையும் செத்தையும் மடைக்குள் புகுந்துவிடாமல் இருக்க. அதே வேலைதான். அந்தக் குடை முத்துமாலையைக் காத்தது. அதில் எனக்கோ உங்களுக்கோ ஐயமில்லை.

ஆனால், வெள்ளம் வடிந்தபின் அந்தத் தட்டியை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? சொல்லுங்கள். சரியாகச் சொன்னீர்கள் அம்மா! பாசி பிடிக்கும். செத்தை அடையும். தண்ணீர் தேங்கும். ஆகவேதான் அந்த மருத்துவர்கள் ஊருக்கு அனுப்பும்போது ஒரு நாளைக் குறித்து, "அன்றைக்கு வந்துவிடு, எடுத்துவிடுகிறோம், தள்ளிப்போடாதே, உடம்பு அதைத் தன் சதையால் மூடிக்கொள்ளும்" என்று சொல்லி அனுப்பினார்கள். சிலருக்கு அதை ஆயுளுக்கும் விட்டுவைக்க வேண்டியிருக்கும். எவருக்கு எடுப்பது, எவருக்கு விடுவது என்பது மருத்துவர் முடிவு. முத்துமாலைக்கு எடுக்கவேண்டும் என்பதே முடிவு.

முத்துமாலை வந்தார். கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு தொடர்வண்டியில் வந்து இறங்கினார். வந்தவர், குறித்த நாளுக்குப் போனாரா?

இல்லை. போகவில்லை.

பயமா? பணமின்மையா? மறதியா? மூன்றும் இல்லை. கொடைப்பந்தலுக்கு வாழைமரம் கட்டும் உரிமை அவர் வீட்டுக்கு உரியது. குறித்த நாள், கால்நாட்டுக்குப் பின்னே விழுந்தது. எல்லை தாண்டினால் அம்மன் பொறுக்கமாட்டாள் என்றார். அவர் மனைவி கோமு, நம் அம்மையப்பன் அண்ணாச்சியின் உடன்பிறந்த தங்கை, ஒரு கேள்வி கேட்டார். அந்த அம்மையார் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"அம்மன் கோவிச்சுக்கிடுவான்னு சொல்லுதியளே, உள்ள கெடக்குத கம்பி கோவிச்சுக்கிடாதா?"

கை தட்டுகிறீர்கள். இன்றைக்குத் தட்டுகிறீர்கள்! அன்றைக்கு அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் எவர் கை தட்டினார்? அண்ணன் சொன்ன விடை என்ன தெரியுமா? "ஏ கோமு, கொடை முடியட்டும் பிள்ள. ஒரு வாரத்துல கம்பி என்ன துரு பிடிச்சா போவுது?" அண்ணாச்சி சிரிக்கிறார். மறுக்கவில்லை. நல்லவர், அதனால்தான் அவரை வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

ஒரு வாரம் என்றார். கொடை முடிந்தது. ஆவணியில் திருமணங்கள், தாருக்கு நல்ல கிராக்கி. புரட்டாசியில் ஆயுத பூசை. ஐப்பசியில் மழை, மலையிலிருந்து வெள்ளம், சாய்ந்த வாழைக்கு முட்டுக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. தவறிய நாளுக்கு மறுநாள் என்பது எப்போதும் வந்துவிடுவதில்லை அவையோரே! கார்த்திகையில் ஒரு காலை, முத்துமாலை செருப்பைப் போடப் போனார். நுழையவில்லை. மற்றக் காலைப் பார்த்தார். அதுவும் வீங்கியிருந்தது. முறிந்தது ஒரு கால். வீங்கியது இரண்டு கால்! முதுகிலோ, ஈட்டியால் குத்துவதுபோல் ஒரு வலி.

சென்னைவரை அவரால் உட்கார்ந்து போகமுடியாது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் மருத்துவர் ஸ்வீட்லின் அவரைப் பார்த்தார். உடலுக்குள் ஊடுகதிர் பாய்ச்சி, திரையிலே பார்த்துக்கொண்டே, கத்தி வைக்காமல் குழாய்களுக்குள் வேலைசெய்யும் கல்வி கற்றவர் அவர். திரையில் என்ன தெரிந்தது? குடை சாய்ந்து கிடந்தது. பிடித்துத் தூக்குவதற்காக அதன் உச்சியில் ஒரு கொக்கி இருக்கும். அந்தக் கொக்கி சிரையின் சுவருக்குள் புதைந்து, மேலே சதை மூடிவிட்டது. கம்பி ஒன்று சுவரைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்தது. குடைக்குள்ளே புதிதாக ஒரு கட்டி. காக்க வைத்த காவலாளே வாசலை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டான்!

முதலில் கட்டியைக் கரைக்க மருந்து. தலைக்கசிவு ஆறிவிட்டதால் இப்போது கொடுக்க முடிந்தது. கால்கள் வடிந்தன. பிறகு தை மாதத்தில் ஒரு நாள், கழுத்துச் சிரையில் சிறு துளையிட்டு, அதன்வழியே நீண்ட மெல்லிய குழாயை இறக்கி, சுருக்குக் கம்பியால் கொக்கியைப் பிடிக்க முயன்றார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவுகிறோமே, அப்படித் துழாவினார். கொக்கி சிக்கவில்லை. கம்பியைப் பற்றி இழுத்தார். குடை அசையவில்லை, சிரையே சேர்ந்து அசைந்தது. முத்துமாலை "அம்மா" என்றார்.

மருத்துவர் நிறுத்திவிட்டார்.

என் அன்பிற்குரியவர்களே, நான் இந்த மருத்துவரை வணங்குவது அவர் எடுத்ததற்காக அன்று, நிறுத்தியதற்காக! வெளியே உறவினர் கூட்டம் நிற்கிறது. தோற்றார் என்று சொல்லும். தெரியும் அவருக்கு. இருந்தும் குழாயை உருவி, துளையை அழுத்தி மூடி, வெளியே வந்து, "இன்னைக்கு முடியல. நானேதான் நிறுத்திட்டேன்" என்றார். நம் அண்ணாச்சி அங்கே என்ன சொன்னார்? சொல்லலாமா அண்ணாச்சி? "சொல்லும் வே, சொல்லாமலா விடப்போறீரு?" என்கிறார். சொல்கிறேன்.

"பாதிக் கெணத்துல கயித்த விட்டுட்டு வந்து நிக்கியளே டாக்டரம்மா, இதுக்கா இம்புட்டுப் படிப்பு?"

மருத்துவர் சினக்கவில்லை. "அண்ணாச்சி, உங்க கெணத்துல வாளி சேத்துல புதைஞ்சு, சுவத்துக் கல்லுல மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?"

"பலமா இழுப்பேன்."

"கல்லு பேந்து வந்தா?"

விடையையும் மருத்துவரே சொன்னார்.

"கல்லு பேந்தா உங்க கெணத்துல தண்ணி கலங்கும். இங்க பேந்தா, நான் அறுவை டாக்டரக் கூப்பிட்டு அவர் கை கழுவுறதுக்குள்ள இவரு போயிருவாரு. வேற வழியா வரேன். கொஞ்சம் நாள் குடுங்க."

வேறு வழி என்ன? கேளுங்கள். வாளியின் பிடி கைக்கு எட்டவில்லை என்றால், கெட்டிக்காரர்கள் கயிற்றை வாளிக்கு அடியால் கொடுத்து, மறுபுறம் வாங்கி, இரு முனையையும் மேலே கொண்டுவந்து சேர்த்துத் தூக்குவதில்லையா? அதைத்தான் செய்ய எண்ணினார். நூலினும் சற்றே தடித்த கம்பி ஒன்றைக் குடையின் கம்பிகளுக்கு இடையே நுழைத்து, வளைத்து, இன்னொரு சுருக்கால் அதன் முனையைப் பிடித்து, இரு முனைகளையும் கழுத்துத் துளை வழியே வெளியே கொண்டுவருவது. பிறகு அந்தக் கம்பியின் மேலேயே தடித்த உறைக்குழாய் ஒன்றை இறக்கிக் குடையைச் சுவரிலிருந்து மெல்ல மெல்ல உரித்து, உறைக்குள் சுருங்கவைத்து எடுப்பது. இழுப்பதில்லை, உரிப்பது. அதுதான் வேறுபாடு.

மாசியில் நாள் குறித்தார். இம்முறை அறுவை மருத்துவரும் ஆயத்தமாய் அதே அறையில் நின்றார். கொடுக்கக் குருதி எடுத்து வைத்திருந்தார்கள். முத்துமாலைக்கு மயக்கம் கொடுக்கவில்லை. கழுத்தில் மட்டும் மரப்பு ஊசி. ஏன்? வலிக்கிறதா என்று அவர் சொல்லவேண்டும். வலிதான் அங்கே எச்சரிக்கை மணி. நம் ஆடவர் செய்யும் தவறு ஒன்றுண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்பது. மருத்துவர் அதை அறிந்தவர். அந்த அறையில் நடந்த பேச்சை முத்துமாலை எனக்குச் சொன்னார்.

"முத்துமாலை அண்ணாச்சி, இங்க வீரம் காட்டக் கூடாது. வலிச்சா உடனே சொல்லணும்."

"சரி தாயி."

"பேசிக்கிட்டே இருங்க. உங்க தோப்புல என்ன வாழை?"

"ஏத்தன் போட்டிருக்கேன். ஓரத்துல கொஞ்சம் மட்டி, செவ்வாழை."

"எது ருசி?"

"அத நீங்க சாப்பிட்டுல்லா சொல்லணும்? ஒரு தார் கொண்டாந்து... ஆ!"

மருத்துவர் கை நின்றது. திரையில் உறைக்குழாய் குடையின் பாதிவரை இறங்கியிருந்தது. மீதிப்பாதி சதைக்குள். முன்னால் போகலாமா? பின்னால் வரலாமா? அறுவை மருத்துவர் ஓரடி முன்னே வந்தார்.

"எப்படி வலிச்சுது? குத்துதா, இழுக்குதா?"

"இழுக்கு தாயி. குத்தல. இப்ப இல்ல."

"இப்ப இல்லியா? நெசமா?"

"நெசமா இல்ல. பைய வாங்க. நான் எங்கயும் போவல."

பைய வந்தார். உறையை இழுக்காமல், இறக்காமல், மெல்லச் சுழற்றினார். ஒரு கம்பி விட்டது. இன்னொன்று விட்டது. கடைசிக் கம்பி, வெளியே குத்திக்கொண்டிருந்ததே அது, உள்ளே வந்தது. உறைக்குள் குடை மடங்கியது. சிரைக்குள் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார்கள், எங்கும் கசிவில்லை. எடுத்ததைத் தட்டில் வைத்தார்கள். விரல் நீளங்கூட இல்லை. கம்பிகளில் சதைத்துணுக்குகள் ஒட்டியிருந்தன. முத்துமாலை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குத்தானா இம்புட்டு நாளு?"

ஆம், முத்துமாலை அவர்களே! இதற்குத்தான் இத்தனை நாள். உரிய நாளில் போயிருந்தால் கொக்கியைப் பிடித்துச் சற்று நேரத்தில் எடுத்திருப்பார்கள். தவறியதால் இரு கால் வீங்கி, இருமுறை மேசையில் கிடந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். எல்லோருக்கும் இப்படி வாய்க்குமா? மருத்துவரை நான் கேட்டேன். "இன்னொருத்தருக்கு இதே மாதிரி ஆனா, எடுத்திருவேன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். அதை நினைவில் வையுங்கள்.

இப்போது தம்பி சிவகணேஷிடம் வருகிறேன். பள்ளிக்குப் போகும் வழியில் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தவர். அதேபோல் காலில் அடி; அதே கட்டி; அதே குடை. நாள் குறித்தாகிவிட்டது. குறித்த நாள், கால்நாட்டுக்குப் பின்னே.

நான் உங்கள் வழக்கத்தை இகழ வரவில்லை. ஊர் முழுதும் ஒன்றாய் இருக்கவேண்டும் என்று எல்லை கட்டிய முன்னோர், ஊரின் நன்மையைத்தான் எண்ணியிருப்பார்கள். ஆனால் அந்த எல்லை கல்லா? இரும்பா? ஒருவருக்காகவும் இதுவரை திறந்ததே இல்லையா?

திறந்தது! சென்ற ஆண்டு இதே கொடையின்போது திறந்தது! இசக்கியம்மா இங்கே இருக்கிறாரா? இருக்கிறார், இடுப்பில் பெண்குழந்தை. தாயே, அந்தக் குழந்தை எங்கே பிறந்தது? பாளையங்கோட்டையில்! எப்போது? கால் நாட்டிய பின்! பேறுகால வலி எடுத்தது; மருத்துவச்சி கைவிட்டார்; எல்லை கடந்து போனீர்கள்; இரவும் தங்கினீர்கள். அம்மன் சினந்தாளா? குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே! யாருடைய காரில் போனீர்கள்? உரக்கச் சொல்லுங்கள் தாயே, ஊர் கேட்கட்டும்!

"அம்மையப்பன் மாமா கார்ல!"

கேட்டீர்களா? எல்லையின் காவலரே எல்லை கடக்கக் கார் கொடுத்தார்! ஏன் கொடுத்தீர்கள் அண்ணாச்சி? உள்ளே இருப்பது உரிய நேரத்தில் வெளியே வந்தாக வேண்டும் என்பதால் கொடுத்தீர்கள். நாளை பார்க்கலாம் என்றால் தாயும் இல்லை, சேயும் இல்லை என்பதால் கொடுத்தீர்கள். தம்பி சிவகணேஷின் வயிற்றுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதுவும் உரிய நாளில் வெளியே வந்தாக வேண்டும். வலி இல்லை என்பதால் அவசரம் இல்லையா? கத்தவில்லை என்பதால் காத்திருக்குமா? இசக்கியம்மாவுக்குத் திறந்த எல்லை இந்த ஆசிரியருக்குத் திறக்காதா? முத்துமாலைக்கு மூடிய எல்லை இன்னொருவருக்கும் மூடவேண்டுமா? ஒரு சொல், அண்ணாச்சி! செவ்வாய்க்கிழமை கால்நாட்டை ஊருக்கு அறிவிக்கும்போது அதனோடு சேர்த்து அறிவிக்க, ஒரே ஒரு சொல்!

எழுந்துவிட்டார். ஒலிவாங்கியை நான் தருகிறேன். வேண்டாம் என்கிறார், அவர் குரலுக்கு அது தேவையில்லை. கேளுங்கள்.

"ஏ வே பேச்சாளரே, தங்கச்சிக்கு அன்னைக்கு நான் சொன்ன பதிலு தப்புத்தான், அதுக்காவ ஊரக் கூட்டியா கேப்பீரு? சரி, கேட்டாச்சு. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஆஸ்பத்திரிக்கு நாள் குறிச்சவனுக்கு இந்த ஊருல எல்லை கெடையாது. கால் நாட்டுத அன்னைக்கு இதையும் சேத்துச் சொல்லிருவோம். சிவகணேசு, எங்கலே இருக்க? வியாழக்கெழம விடியக்கால வண்டி வாசலுக்கு வரும். கோமுவும் கூட வருவா, உன் பொஞ்சாதிக்குத் தொணைக்கி. எடுத்துட்டு நேரா வந்து அம்மனுக்கு ஒரு தார் வச்சிரு. ஏத்தன். சின்னத் தாரு வச்சு ஏமாத்தப்படாது."

அவையோரே, முன்வரிசையைப் பாருங்கள். முத்துமாலை கையை உயர்த்துகிறார். அந்தத் தாரைத் தன் தோப்பிலிருந்து தானே தருவதாகச் சொல்கிறார்.

நான் கேட்க வந்த சொல் கிடைத்துவிட்டது. இதற்குமேல் நான் பேசினால், கொக்கி விட்ட பின்னும் இழுத்துக்கொண்டிருப்பவன் ஆவேன். நிறுத்தத் தெரிந்த மருத்துவர் அருகே அமர்ந்திருக்கும்போது நானும் அதைக் கற்றுக்கொள்கிறேன். அவைத்தலைவருக்கும், வழிவிட்ட அண்ணாச்சிக்கும், கேள்வி கேட்ட கோமு அம்மையாருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. தம்பி, வியாழன் நலமாய்ப் போய், வெள்ளி வெறும் வயிற்றோடு திரும்பி வாருங்கள். வணக்கம்.